பழுப்பு முட்டைக்கு விலை குறைவா?

பிப்ரவரி மாதம். வெளியே மைனஸ் 20. மினியாபொலிஸ் புறநகரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரே கம்பளிக்குள் அம்மாவும் என் மகளும் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு பெண் கூடை நிறைய முட்டையோடு கடைக்குப் போகிறாள். கடைக்காரி கூடையைப் பார்த்து முகத்தைச் சுளித்து ஏதோ சொல்கிறாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"பழுப்பு முட்டைக்குக் காசு குறைவாம், அம்மாச்சி."

அம்மா கையிலிருந்த அவரைக்காயைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்த ஊர் நியாயம் இது? நாட்டுக்கோழி முட்டைக்குத்தானே விலை கூட! கூடையை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போகச் சொல் அவளை."

"அந்த ஊரில் ஒரே கடைதான், அம்மாச்சி."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அவள் கறுப்பு முட்டை கொண்டுபோனாலும் வெள்ளை முட்டை கொண்டுபோனாலும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் காயை எடுத்தாள்.

எங்கள் வீட்டுக்குள் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரெய்ரி' இப்படித்தான் நுழைந்தது. அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் 1974 முதல் 1983 வரை ஒன்பது சீசன்கள், 200க்கும் மேற்பட்ட எபிசோடுகள் ஓடிய குடும்ப நாடகம். லாரா இங்கால்ஸ் வைல்டர் தன் சிறுவயதை வைத்து எழுதிய கதைகள்தான் மூலம். சார்லஸ், கரோலின், அவர்களுடைய மூன்று பெண் குழந்தைகள். மினசோட்டாவில் வால்நட் குரோவ் என்ற சிற்றூர். கோதுமை, மாடு, பள்ளிக்கூடம், தேவாலயம், அந்த ஒரே கடை. என் அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டிய தோழி ஒருத்தி, "உன் அம்மா விவசாயி என்கிறாயே, இதைப் போட்டுக் காட்டு" என்றாள். நூலகத்தில் டிவிடி கிடைத்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில் பருத்தியும் கம்பும் மிளகாயும் போட்டு எங்களை வளர்த்தவள். ஆறு மாத விசாவில் ஜனவரியில் வந்து இறங்கினாள். ஒன்பது வயது மகளுக்கோ தமிழ் புரியும். பேச வேண்டுமென்றால் மூன்று சொல்லுக்கு மேல் நகராது. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் பத்து நிமிடத்தில் மௌனம் வந்துவிடும் என்ற கவலை எனக்கு இருந்தது. ஆறு மாதம் இந்த நாடகத்தோடு குடும்பம் நடத்தியதில் சில தவறுகளும் செய்தேன். சில உபயோகமான விஷயங்களும் கிடைத்தன. வீட்டில் குழந்தையும் ஊரிலிருந்து வந்த பெரியவரும் சேர்ந்து இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தவறு, நானே மொழிபெயர்த்தது. சோபாவில் நடுவே உட்கார்ந்து வசனத்துக்கு வசனம் சொல்லிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் எரிச்சல். ஒருநாள் அலுவலக அழைப்பு வந்து எழுந்துபோனேன். திரும்பி வந்தபோது படம் நிறுத்தப்பட்டிருந்தது. திரையில் சார்லஸ் கலப்பையோடு நிற்கிறார். மகள் கையை முன்னால் நீட்டி இழுத்துக் காட்டி, "அது... மண்ணைக் கிழிக்கிற பெரிய கத்தி" என்கிறாள். "கலப்பை" என்றாள் அம்மா. "கலப்பை. அதன் நுனியில் இரும்பு இருக்கிறதே, அது கொழு. மாட்டின் கழுத்தில் கிடப்பது நுகத்தடி. அவன் கையில் பிடித்திருப்பது மேழி." மகள் நான்கையும் திரும்பச் சொன்னாள். கொழு மட்டும் 'கொலு' ஆனது. "பொம்மை வைப்பதுதான் கொலு. இது மண்ணுக்குள் போகிறது. நாக்கை மடக்கு." நான் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய்விட்டேன். அதன்பிறகு மொழிபெயர்ப்பு மகளின் வேலை. ரிமோட்டும் அவள் கையில். ஐம்பது நிமிட எபிசோட் இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். காசு கொடுத்துத் தமிழ் வகுப்புக்கு அனுப்பியும் வராத சொற்கள் அந்த நிறுத்தங்களில் வந்தன: தரிசு, விதைநெல், அறுப்பு, கூலி, அடமானம்.

அடமானம் என்ற சொல் முதல் எபிசோடிலேயே தேவைப்பட்டது. சார்லஸுக்குக் கலப்பையும் விதையும் வேண்டும். கையில் காசில்லை. தானியக் கடைக்காரரிடம் வேலை செய்து கழிப்பதாக ஒப்புக்கொள்கிறார், மாட்டை ஈடாக வைத்து. இடையில் மரத்திலிருந்து விழுந்து விலா எலும்பு முறிகிறது, கெடு நெருங்குகிறது, கடைக்காரர் மாட்டை ஓட்டிப்போக வந்துவிடுகிறார். கடைசியில் ஊரார் சேர்ந்து மூட்டைகளை அடுக்கிக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கியது. அம்மாவுக்கு இல்லை. "உழவு மாட்டை ஈடு வைத்தவன் மரத்தில் ஏறலாமா?" என்றாள். அவளுக்கு அது பாசக்கதையாகப் படவில்லை, கணக்காகப் பட்டது. எவ்வளவு கடன், எதை ஈடு வைத்தான், விளைச்சல் வந்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதையே பார்த்தாள்.

அப்படிப் பார்த்தால்தான் இந்த நாடகம் நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. பின்னணி வயலின் இசைக்கும் சார்லஸாக நடிக்கும் மைக்கேல் லேண்டனின் ஈரக் கண்களுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டால், எபிசோடுக்கு ஒரு கைக்குட்டையோடு கதை முடிந்துபோகும். மகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, இங்கால்ஸ் குடும்பத்துக்கு வரவு செலவு எழுதச் சொன்னேன். இடது பக்கம் வந்தது: முட்டை, மர அறுவை ஆலையில் கூலி, கோதுமை. வலது பக்கம் போனது: துணி, விதை, கடைப் பாக்கி. தொகை தெரியாத இடத்தில் ஒரு கோழி வரைந்து வைத்தாள். ஒரு மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்: "அம்மா, முட்டைதான் ஒவ்வொரு வாரமும் வருகிறது. கோதுமை ஒருதடவைகூட முழுசாக வரவில்லை." அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டி" என்றாள், அவ்வளவுதான்.

முதல் சீசனிலேயே, அறுப்புக்குக் காத்திருக்கும் கோதுமையை ஆலங்கட்டி மழை அடித்துப்போடும் எபிசோட் வருகிறது. விளைச்சலை நம்பிக் கடையில் கடன் சொல்லியாகிவிட்டது. ஆண்கள் வேலை தேடி நடந்தே கிளம்புகிறார்கள். சார்லஸ் கல்குவாரியில் வெடிவைக்கும் வேலைக்குப் போகிறார். இங்கே பெண்கள் சேர்ந்து, சாய்ந்து கிடக்கும் கதிர்களில் மிஞ்சியதைப் பொறுக்குகிறார்கள். படத்தை நிறுத்தச் சொன்னாள் அம்மா. மழை பொய்த்த ஒரு வருடம் அப்பா மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனதை, மகளுக்கு இல்லை, எனக்குச் சொன்னாள். எனக்கு அப்போது நான்கு வயதாம். "அப்பா வெளியூர் வேலை" என்று மட்டும்தான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நாற்பது வருடம் கழித்து, மினசோட்டா குளிரில், யாரோ ஒரு அமெரிக்கக் குடியானவனின் சாக்கில் அது வெளியே வந்தது.

நிஜத்தில் இங்கால்ஸ் குடும்பத்தின் கோதுமையை அழித்தது ஆலங்கட்டி அல்ல, வெட்டுக்கிளி. 1873 முதல் 1877 வரை மினசோட்டாவின் தென்மேற்கை ராக்கி மலை வெட்டுக்கிளிகள் மொட்டையடித்தன. 1874-ல் வால்நட் குரோவுக்கு வந்து நிலம் பிடித்த சார்லஸ் சரியாக அதன் நடுவில் மாட்டிக்கொண்டார். கூலி அறுப்புக்காகக் கிழக்கே நடந்துபோனது உண்மை. இறக்கை முளைக்காத குஞ்சுகளைப் பள்ளம் வெட்டி விழவைத்தும், தார் பூசிய தகரத்தை வயலில் இழுத்தும் கொன்றார்கள் என்று மகள் ஒரு நூலகப் புத்தகத்திலிருந்து வாசித்துச் சொன்னாள். "கடலைக்குக் கம்பளிப்பூச்சி வந்தால் நாங்களும் வாய்க்கால்தான் வெட்டுவோம்" என்றாள் அம்மா. அந்த வெட்டுக்கிளி இனம் பிறகு பூமியிலிருந்தே மறைந்துபோனது. உயிரோடு கடைசியாகப் பிடிபட்டது 1902-ல். இதை மட்டும் அம்மா நம்பவில்லை. பூச்சி ஜெயிக்காமல் போகும் என்பது அவள் அனுபவத்தில் இல்லை.

இந்த நாடகத்தைக் குழந்தையோடு பார்க்கிறவர்கள், ஒவ்வொரு எபிசோடுக்குப் பிறகும் ஒரே ஒரு நிஜத்தைப் பக்கத்தில் வைக்கலாம். ஒன்று போதும், பாடம் நடத்த ஆரம்பித்தால் ரிமோட் நம் கைக்கு வந்துவிடும். நாடகத்தில் சார்லஸ் மழுங்கச் சவரம் செய்திருப்பார். புகைப்படத்தில் நெஞ்சைத் தொடும் தாடி. நாடகத்தில் மூத்தவள் மேரி பார்வை இழந்து, ஆசிரியையாகி, கல்யாணமும் செய்துகொள்கிறாள். நிஜ மேரி 14 வயதில் பார்வை இழந்தாள், அயோவாவில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தாள், கடைசிவரை மணக்கவில்லை. காரணம் செங்காய்ச்சல் என்று கதையில் வரும். மூளையைத் தாக்கிய வைரஸ் தொற்றாக இருக்க வேண்டும் என்று 2013-ல் ஒரு மருத்துவ ஆய்வு வாதிட்டது. ஆல்பர்ட் என்ற தத்துப்பிள்ளை முழுக்கவே கற்பனை. இதைக் கேட்டு மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

லாரா முதலில் எழுதிவைத்த தன்வரலாறு 2014-ல்தான் அச்சில் வந்தது. வெட்டுக்கிளிக்குத் தோற்று அயோவாவுக்குப் போன குடும்பம், அங்கே வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாகக் கிளம்பிய செய்தி அதில் இருக்கிறது. நாடகத்துச் சார்லஸ் அப்படிச் செய்யவே மாட்டார். நான் தயங்கித் தயங்கித்தான் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அன்றுதான் அந்த மனிதரைப் பிடித்தது.

இரண்டாவது தவறு பெரியது. 'குடும்ப நாடகம்' என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பிவிட்டேன். ஒரு சனிக்கிழமை ஆறாவது சீசன் வட்டை ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். பார்வையற்றோர் பள்ளியில் தீப்பிடிக்கும் எபிசோட். கைக்குழந்தையும் ஒரு பெண்ணும் வெளியே வர முடியாமல் உள்ளேயே இறந்துபோகிறார்கள். திரும்பி வந்தால் மகள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறாள். நான்கு இரவு விளக்கு எரியவேண்டியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏழாவது சீசனில் 'சில்வியா' என்று இரண்டு பாகம் வருகிறது; பாலியல் வன்முறை பற்றியது. அதைக் குழந்தை பார்ப்பதற்குமுன் நான் பார்த்தது என் அதிர்ஷ்டம். என் யோசனை இதுதான்: முதல் மூன்று சீசன்களைத் தாராளமாகப் போடலாம். அவற்றிலும் பச்சைக் குழந்தை இறக்கும் எபிசோட் ஒன்று இருப்பதால், அன்றைக்குக் கூட உட்காருங்கள். நான்காவதின் முடிவில் மேரிக்குக் கண் போகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் பெரியவர்கள் முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும். வருடம் ஆக ஆக எழுதுகிறவர்களுக்கு விபத்து தேவைப்பட்டிருக்கிறது போலும்.

நிலத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்டதும் அம்மாதான். 1862-ன் சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "நூற்றறுபதா! சும்மாவா? அதுவரை அது யார் காடு?" என்றாள். ஒரு விவசாயிக்கு முதலில் தோன்றும் கேள்வி அது. எனக்கு இத்தனை வருடம் இந்த மாநிலத்தில் இருந்தும் தோன்றவில்லை. தென் மினசோட்டா டகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் மண். அமெரிக்க அரசோடு போட்ட 1851 ஒப்பந்தங்களில் பெரும்பகுதி கைமாறியது. வாக்களித்த பணமும் உணவும் ஒழுங்காக வராமல் பட்டினி வந்து, 1862-ல் போர் மூண்டது. அந்த வருடம் டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த வருடம் டகோட்டாக்களை மாநிலத்தைவிட்டே வெளியேற்றச் சட்டம் வந்தது. நாடகத்தில் 'மன்கேட்டோ' என்ற பெயர் அடிக்கடி வரும், சரக்கு ஏற்றிப்போகும் ஊராக, சும்மா. சார்லஸ் அங்கே வண்டி ஓட்டும் காலத்துக்கும் அந்தத் தூக்குமேடைக்கும் இடையே பன்னிரண்டு வருடம்தான். இதற்கு முன்பு கன்சாஸில் அவர் வீடு கட்டியதும் ஓசேஜ் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் நிலத்தில்.

மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில், ஜூன் தொடக்கத்தில் வால்நட் குரோவுக்குக் காரில் போனபோது மன்கேட்டோவில் நிறுத்தி, ஆற்றோரம் இருக்கும் நினைவிடத்தைக் காட்டினேன். 38 பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. மகள் எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வண்டியில் ஏறியபிறகு, "சார்லஸுக்கு இது தெரியுமா?" என்றாள். தெரிந்திருக்கும் என்றேன்.

அந்தப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம். மினியாபொலிஸிலிருந்து தென்மேற்கே சுமார் மூன்று மணி நேரம். மன்கேட்டோவிலிருந்து 14ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நியூ உல்ம், ஸ்லீப்பி ஐ, ஸ்பிரிங்ஃபீல்ட் என்று நாடகத்தில் கேட்ட பெயர்களே வரிசையாக வரும். ஸ்லீப்பி ஐ என்றதும் மகள் சிரித்தாள். அது ஒரு டகோட்டா தலைவரின் பெயர். 'தூங்குமூஞ்சிப்பட்டி' என்று அம்மா பெயர் வைத்துவிட்டாள். ஸ்பிரிங்ஃபீல்டைத் தாண்டியும் மகள் ஜன்னலிலேயே இருந்தாள். "குன்று எப்போது வரும்?" நாடகத்தின் தொடக்கத்தில் மூன்று பெண்களும் ஓடி இறங்குவார்களே, சின்னவள் தடுக்கி விழுவாளே, அந்தப் புல்மேடு. அது கலிஃபோர்னியாவில் சிமி வேலி பக்கம். மினசோட்டாவின் அந்த மூலை தட்டையானது. இன்று கண்ணுக்கெட்டியவரை மக்காச்சோளமும் சோயாவும். புறப்படும் முன்பே குழந்தையிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை; ஏமாற்றம் அழுகைவரை போனது.

ஊரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் பார்க்கவேண்டியது ஊருக்கு வடக்கே, பிளம் ஓடைக்கரையில். இங்கால்ஸ் குடும்பம் முதலில் குடியிருந்தது நாடகத்தில் வரும் மரவீட்டில் அல்ல, கரையைக் குடைந்து புல்மண்ணால் கூரை போட்ட பொந்து வீட்டில். இடம் ஒரு தனியார் பண்ணைக்குள் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு, சில்லறை எடுத்துப்போங்கள். பனிக்காலத்தில் போனால் வெறும் கையோடு திரும்பவேண்டியதுதான். எந்தெந்த மாதம் திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். வீடு எப்போதோ இடிந்துவிட்டது. கரையில் ஒரு குழிவு, ஒரு பலகை, சுற்றிலும் புல். 'இவ்வளவுதானா' என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் குழிவின் விளிம்பில் காலால் அளந்தாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். "அஞ்சு பேர் படுக்கலாம். அடுப்பு வாசல் பக்கம்தான் இருந்திருக்கும், இல்லாவிட்டால் புகை போகாது." மகளைக் கூப்பிட்டு, யார் எங்கே படுத்திருப்பார்கள் என்று காட்டினாள்.

நீளக் கால்சட்டை போட்டுப் போங்கள், காலுறைக்குள் நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். புல்லில் உண்ணி இருக்கிறது. மகளின் முழங்கால் மடிப்பில் எள்ளளவு ஒன்று ஒட்டியிருந்ததைப் பார்த்தது அம்மாதான். "மாட்டுக்கு வருவது இவளுக்கு வந்திருக்கிறது" என்று நகத்தால் கிள்ளப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். தலை உள்ளேயே ஒடிந்துவிடக் கூடாது. நுனி கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். இங்கே சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்புகின்றன. கடித்த தேதியைக் குறித்துவைத்து, தோலில் சிவப்பு வட்டமோ காய்ச்சலோ வருகிறதா என்று பார்த்துவர வேண்டும். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வால்நட் குரோவில் நான் எதிர்பார்க்காதது மங் மக்கள். லாவோஸ் மலைகளிலிருந்து போரால் பெயர்ந்து அமெரிக்கா வந்தவர்கள். இந்தச் சிற்றூரில் இன்று கணிசமானவர்கள் அவர்களே. தொடக்கத்தில் வந்த குடும்பங்களில் ஒன்று இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு, வீட்டுப் பெண்ணுக்கு இந்த நாடகம் பிடித்திருந்ததும் ஒரு காரணம் என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. ஒரு வீட்டுப் பக்கவாட்டில் மிளகாய் நாற்றும் கொத்தமல்லியும் பாத்தி பாத்தியாக நின்றன. பாத்தியில் அம்மா வயதுப் பெண்மணி ஒருவர் குனிந்திருந்தார். நான் தடுப்பதற்குள் அம்மா வேலியோரம் போய்விட்டாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. அம்மா மிளகாய்ச் செடியைக் காட்டிக் கையை முழங்கால் உயரத்துக்கு வைத்தாள். அவர் இடுப்பு உயரத்துக்கு வைத்தார். அம்மா நம்பாமல் தலையாட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே நான்கு நாற்றைப் பிடுங்கி, ஈரமண்ணோடு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஜூலை முதல் வாரம் அம்மா ஊருக்குப் போய்விட்டாள். ஆகஸ்டில் நானும் மகளும் ஊரின் கதை முடியும் படத்தைப் பார்த்தோம். தொடர் முடிந்தபிறகு 1984 பிப்ரவரியில் வந்தது. வால்நட் குரோவ் முழுவதும் தன் நிலம் என்று ஒரு பணக்காரர் பத்திரத்தோடு வருகிறார். ஊரார், 'நிலம் உன்னுடையது, வீடு நாங்கள் கட்டியது' என்று ஒவ்வொரு கட்டடத்தையும் தாங்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போகிறார்கள். தேவாலயமும் அந்தச் சின்ன வீடும் மட்டும் நிற்கின்றன. நிஜமாகவே வெடித்தார்கள், படப்பிடிப்பு நிலத்தைப் பழையபடி ஆக்கித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தம்.

மகள் அன்று இரவே அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல், முழுக் கதையையும் தமிழில் சொன்னாள்: பத்திரம், பணக்காரன், வெடி, அந்த ஒரே கடையான ஒல்சன் கடை தூள் தூளானது வரை. அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"வெடிக்கும் முன்னால் கதவு ஜன்னலையாவது கழற்றி எடுத்துக்கொண்டார்களா, பாப்பா?"